இல்லாத சிடி

ஏழு மெஷின்களில் ஆறு நல்ல பிள்ளைகளாகப் புதிய சர்வருக்குப் போய்விட்டன. ஏழாவது மட்டும் அடம் பிடித்தது. பச்சைக் கோடு பாதிகூடத் தாண்டாமல் நிற்கும். உடனே சிவப்பு எழுத்தில் 'இடமாற்றம் தோல்வி' என்று வரும். எத்தனை தடவை அழுத்தினாலும் அதே பாட்டு.

அடம் பிடிக்கிற நேரமா அது? பழைய சர்வருக்குக் கரண்ட் கொடுக்கும் யூனிட் இரண்டு. ஒன்று காலையிலேயே மண்டையைப் போட்டுவிட்டது. இன்னொன்று அனத்திக்கொண்டிருந்தது. அதுவும் போனால் பெட்டி மொத்தமாக அணைந்துவிடும். உள்ளே இன்னும் குடியிருந்தது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் மெஷின். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் அது. தனக்கென்று ஒரு உடம்பு கிடையாது. அதை நிறுத்தாமல், ஓட ஓடவே புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும்.

எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று அந்த மெஷின் காட்டும். அதைப் பார்த்து வண்டிகளை அனுப்புகிறவள் என் அக்கா. அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், இந்த சர்வர் அறையின் முதலாளி. நான் அவரிடம் சம்பளம் வாங்குகிறவள். குடும்பத்தில் என் பெயர் வாயாடி. சும்மா வைக்கவில்லை.

"போதும். ஆஃப் பண்ணிட்டு மாத்து" என்றார் அத்தான்.

"முடியாது."

"என்னது?"

"முடியாதுன்னேன். போன தடவை நிறுத்தினப்போ அது திரும்ப எழுந்திரிக்க எவ்வளவு நேரமாச்சு? நீங்கதான் பக்கத்துல நின்னு நகத்தைக் கடிச்சீங்க."

"தானா விழுந்தா மட்டும் சீக்கிரம் எழுந்திரிக்குமா? டேட்டா கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது, வாயாடி? நீயா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, உன் மெஷினை நிறுத்தணுமாம். உன் வீட்டுக்காரர் சொல்றார்."

"நிறுத்திட்டா? வண்டி எங்க இருக்குன்னு நான் ஜோசியம் பார்க்கவா? இரு, கால் வருது. கட் பண்ணிடாத."

போனை மேஜையில் வைத்தேன். அத்தான் மௌஸை எடுத்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

ஸ்பீக்கரில் அக்காவின் குரல், வேறு யாரிடமோ: "சொல்லுங்கய்யா... அழாதீங்க, சொல்லுங்க. உங்க வீட்டம்மாவுக்கு மூச்சு இருக்கா? இருக்குல்ல? வாசக்கதவைத் திறந்து வைங்க. வண்டி அடுத்த தெருவுலதான் நிக்குது, இதோ அனுப்பிட்டேன்."

அத்தானின் கை அப்படியே நின்றது.

"இப்ப நிறுத்துங்க பார்ப்போம்" என்றேன்.

அவர் மௌஸை விட்டுவிட்டார். "சீக்கிரம் பாரு" என்றார், குரல் இறங்கி.

சிவப்பு எழுத்தை எல்லோரும் படிப்பார்கள். அதற்குக் கீழே படிக்கத்தான் சோம்பல். நானும் அதுவரை படிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கீழே போய்ப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் புதிய சர்வர் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தது: இந்த சிடி என்னிடம் இல்லை.

அடப்பாவி! உடம்பே இல்லாத மெஷினுக்கு டிரைவ் ஏது, சிடி ஏது? எதையாவது இன்ஸ்டால் செய்ய, சிடி மாதிரி நடிக்கிற ஒரு கோப்பை எங்கள் ஆட்கள் மாட்டுவார்கள். நிஜ சிடி என்றால் தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணில் படும். இது கோப்புதானே, மாட்டியதையே மறந்துவிடுவார்கள். அந்தக் கோப்பு பழைய சர்வரின் சொந்த டிஸ்க்கில் கிடந்தது. அதை விட்டுவிட்டு மெஷின் எப்படி வரும்?

அந்த மெஷினை அமைத்தது அத்தான். யாரையும் தொடவிடாமல், தன் கையாலேயே செய்ததாக வீட்டில் பீற்றிக்கொண்டவர். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

சிடியைக் கழற்றக் கட்டளை கொடுத்தேன். மெஷின் டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பலவந்தமாகக் கழற்றவா என்று திரை கேட்டது.

"வேணாம், வேணாம்! ஏதாவது ஆயிடப்போகுது!"

"ஆனா ஆகட்டும். நான் பதில் சொல்றேன்" என்று அழுத்தினேன்.

ஒன்றும் ஆகவில்லை. இடமாற்றத்தை மறுபடி ஆரம்பித்தேன். பச்சைக் கோடு வழக்கமாக நிற்கிற இடத்துக்கு வந்தது, தாண்டியது, கடைசிவரை போனது. புதிய சர்வரில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அனத்திய யூனிட் கடைசிவரை சாகவில்லை. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கஸ்டமருக்கு மெயில்ல பவர் யூனிட் கோளாறுன்னு மட்டும் எழுதிடு. இந்த சிடி விஷயத்தை உங்க அக்காகிட்ட உளறிடாத."

நான் மேஜையைக் காட்டினேன். போனை யாரும் கட் செய்யவில்லை.

"என்னங்க" என்றாள் அக்கா. "யாருக்குத் தெரியப்போகுதுன்னு கேட்டீங்கல்ல? அந்தம்மாவை வண்டியில ஏத்தியாச்சு. மூச்சு இருக்கு. அவங்க புருஷன் இன்னும் லைன்லதான் அழுதுட்டு இருக்காரு. தரட்டுமா? அவர்கிட்டயே கேளுங்க."

அத்தான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"மெயில்ல சிடின்னே எழுதறேன், அத்தான்."

"எழுது" என்றார்.