வண்டிக்கு அடியில்

ஜீப்பை நான்கு ஸ்டாண்டுகள் மேல் தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து மல்லாந்து படுத்திருந்தான். கையில் கம்பி பிரஷ். புது ஸ்பிரிங் பட்டைகளும் ஷாக் அப்சார்பர்களும் பெட்டி பிரிக்காமல் சுவரோரம் கிடந்தன. அவற்றை மாட்டுவதற்கு முன்னால் வண்டியின் அடிச்சட்டமான சேஸைச் சுரண்டி, துரு பிடிக்காமல் இருக்க ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்பது அவனுடைய பிடிவாதம். "அடியில யாருங்க வந்து எட்டிப் பாக்கப்போறா?" என்று மெக்கானிக் சிரித்தார். ஆனால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு அது சொன்னால் புரியாது. ஃபிரேமுக்குள் மறைந்துபோகிற லென்ஸ் ஓரத்தைக்கூட வழவழவென்று தேய்த்துக் கொடுத்தால்தான் அவனுக்கு நிம்மதி.

அக்காவின் கணவரிடமிருந்து வாங்கிய ஜீப் அது. மாமா அதை ஓட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் இவன் வாசலுக்கு ஓடிப்போய் நிற்பான், கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும். விற்கப்போகிறேன் என்று மாமா சொன்ன அன்றே வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். வந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தான். மங்கிப்போன முன்விளக்குகளை மாற்றினான். கிழிந்த கூரைத்துணிக்குப் பதில் கெட்டியான ஒன்றைத் தைத்துப் போட்டான். பின்சீட்டில் மகளுக்காக பெல்ட் வைத்தான். "எனக்கு ஒரு புடவை எடுக்கணும்னா யோசிக்கிறீங்க, அதுக்கு மட்டும் கேக்காமலே எல்லாம் நடக்குது" என்று மனைவி சொல்வாள். சொல்லிவிட்டு, லீவு நாளில் முதல் ஆளாக ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தும் கொள்வாள். ஊருக்கு வெளியே கல்குவாரியைத் தாண்டினால் மலைக்கு ஏறும் மண்பாதை. ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு பாறைகள் மேல் ஏறும்போது மகள் பின்னாலிருந்து "இன்னும், இன்னும்" என்று கத்துவாள். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம்.

பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் பிரஷ் எதிலோ தட்டியது. தார் போன்ற கெட்டிக் கருப்பு அங்கே மட்டும் தடிமனாகப் பூசியிருந்தது. திருப்புளியால் நெம்பியதும் பட்டையாக உரிந்து முகத்தில் விழுந்தது. உள்ளே ஒரு தகடு, அதைச் சுற்றி முண்டும் முடிச்சுமாக வெல்டிங். நகர்ந்து மறுபக்கம் போய் அதே இடத்தைச் சுரண்டினான். அங்கேயும் தகடு, அங்கேயும் வெல்டிங். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். வெல்டிங் ஓரமாக, தலைமுடி விழுந்து கிடப்பதுபோல ஒரு கோடு. விரலால் தள்ளிப் பார்த்தான். அது முடி இல்லை.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு அட்டையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டா ஒடிஞ்ச வண்டிங்க இது. ஒட்டி, மேல பூசிட்டாங்க. இப்போ ஒட்டும் விட ஆரம்பிச்சிருச்சு."

"ஓட்டினா?"

"குழந்தையை வெச்சுக்கிட்டா மலை ஏறுனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மகள் அன்றைக்கு அக்கா வீட்டில் இருந்தாள். பஸ் பிடித்துப் போனான். வழியெல்லாம் மாமாவைத்தான் திட்டிக்கொண்டு போனான். அக்காவுக்குத் தெரிந்திருக்காது, பாவம், தெரிந்தால் துடித்துப்போவாள் என்றுகூட நினைத்தான். பள்ளிக்கூடத்தில் அவன் கணக்கில் முட்டை வாங்கியபோது அப்பா கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டுக் கொடுத்தவள் அவள். ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது பூனை மேல் பழி போட்டவள். அந்த வீட்டில் அவள் சொன்ன பொய்யெல்லாம் அவனுக்காகச் சொன்னவை. அடி விழாமல் அவன் வளர்ந்ததே அந்தப் பொய்களின் நிழலில்தான்.

மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"பழைய வண்டின்னா அங்க இங்க ஒட்டு இருக்கத்தான் செய்யும் மாப்ள. புதுசா பொறந்த மாதிரியா இருக்கும்?"

"சேஸே ஒடிஞ்சிருக்கு, மாமா."

"சரி விடு. பயமா இருந்தா யாருக்காவது தள்ளிவிட்டுடலாம். நானே ஆள் பாத்துத் தரேன்."

சொல்லிவிட்டு மறுபடி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அவ்வளவு சுலபமாக அவர் அதைச் சொன்ன விதத்தில், தன்னிடம் அதை எப்படித் தள்ளிவிட்டிருப்பார் என்பது அவனுக்குத் தெரிந்துபோனது. அவர்மேல் கோபம்கூட முழுசாக வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனான். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேசியது எல்லாம் அங்கே கேட்டிருக்கும். கத்தி நிற்கவில்லை.

"அக்கா, வண்டி எப்படி ஒடிஞ்சது?"

அவள் வலது கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தன்னை அறியாமல் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு போதுமாக இருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று கையில் மாவுக்கட்டோடு அவள் படுத்திருந்த நாட்களில், கடையைப் பூட்டிவிட்டுத் தினமும் ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன். சோறு பிசைந்து ஊட்டினான். கோணல்மாணலாகத் தலை பின்னிவிட்டு, இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். பாத்ரூம் தரைக்குப் போடச் சொல்லி ரப்பர் விரிப்புகூட வாங்கிக் கொடுத்தான்.

"உருண்டுடுச்சுடா," என்றாள். "வெளிய சொன்னா வண்டி விலை போகாதுன்னாரு."

"அப்புறம் எனக்கே வித்தீங்க."

"நீதானே ஆசைப்பட்டே. அவரு நல்லா ஒட்டியாச்சு, இனி ஒண்ணும் ஆகாதுன்னாரு."

"நீ நம்பினியா?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை முறை கூப்பிட்டிருப்பான், வா அக்கா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் என்று. முதுகுவலி, விரதம், வீட்டில் வேலை. வாசல்வரை வந்து, மெதுவாப் போடா என்று சொல்லி அனுப்புவாள்.

"இல்ல," என்றாள்.

"பாப்பா ஏறினாளே, அக்கா."

"நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னு தெரியறவரைக்கும் நான் பச்சத்தண்ணி குடிச்சதில்லடா." தலைமேல் கையை வைத்தாள். "சாமி சத்தியமா."

உண்மையாகத்தான் இருக்கும். அவள் தொண்டை வறண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடிந்தது. அதுதான் தாங்கவில்லை. போன் பக்கத்திலேயே இருந்திருக்கும். ஒரு வார்த்தை. அவள் குடிக்காத அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கத்த வேண்டும் என்றுதான் வந்தான். வாயைத் திறந்தபோது, "பாப்பா எங்க?" என்றுதான் வந்தது.

மகளுக்குப் புறப்பட மனசில்லை. அத்தை இன்னைக்குக் கதை சொல்றேன்னு சொல்லியிருக்காங்க என்று சிணுங்கினாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பின்னால் மாமா, "சாப்பிட்டுப் போகலாமே மாப்ள" என்றார்.

எதிர்ச்சாரியிலேயே பஸ் நிறுத்தம். நின்றிருந்த பஸ்ஸில் ஏறினான், கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு கையால் மேல்கம்பியையும் மறுகையால் மகளையும் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றான். டிரைவர் இறங்கி எங்கேயோ போயிருந்தார். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, பஸ் முழுக்க அதிர்ந்தது.

அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றாள். தெருவுக்கு அந்தப் பக்கம்தான். கூப்பிட்டால் கேட்கும். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. மகள் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். அக்காவும் ஆட்டினாள்.

"அப்பா, அத்தை பாக்கறாங்க. நீயும் டாட்டா சொல்லு."

"ரெண்டு கையும் பிடிச்சிருக்கேன் பார்."

"நான் கம்பியைப் பிடிச்சுக்கிறேன், நீ விடு," என்று அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். டிரைவர் இன்னும் வரவில்லை.