பதினாலும் பதினாறும்

வெட்டியது விஜயகலாதான், அவள் தம்பி கிருஷ்ணராஜ் இல்லை. குடித்துவிட்டு வந்து பிள்ளையின் தலையைச் சுவரில் மோதிய புருசனை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் மூன்று தரம் போட்டாள். முதல் வெட்டு தோளில். இரண்டாவது கழுத்தில். அவன் விழுந்த பிறகும் மூன்றாவது விழுந்தது. ஒன்பது வருட ஆத்திரம், கை நிற்குமா? இரத்தம் தோட்டத்து லயத்து வீட்டு வாசல்வரை ஓடியது. சத்தம் கேட்டு வந்த கிருஷ்ணராஜ் கத்தியைப் பிடுங்கி, இரத்தத்தை அள்ளித் தன் சட்டையில் பூசிக்கொண்டான்.

"பிள்ளைக்கு அம்மா வேணும்க்கா. நீ வாயத் தொறந்தா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

அவள் வாய் திறக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து அவனுக்கு மரண தண்டனை விழுந்தது. வக்கீல் தயாளினி, யாழ்ப்பாணத்துப் பெண், விஜயகலா கையில் ஒரு கடதாசியைத் திணித்தார்.

"இதில தம்பியின்ர கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ. அப்பீலுக்குப் பதினாலு நாள்தான், விளங்குதோ?"

விளங்கத்தான் செய்தது. ஆனால் நிவித்திகலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தால், தீர்ப்பைக் கேட்ட அப்பா நாகலிங்கம் நெஞ்சைப் பிடித்தபடி செத்துக் கிடந்தார். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை தீட்டு, படி தாண்டாதே என்றது லயத்துச் சனம். தோட்டத்துத் துரைகூடக் கருமாதி முடியாமல் யாரையும் வேலைக்குக் கூப்பிடமாட்டார். துரைக்கே அந்த இரக்கம் இருக்கும்போது கோர்ட்டுக்கு இருக்காதா? இரண்டு நாள்தானே! பாவி மகள் அப்படித்தான் நினைத்தாள்.

பதினேழாம் நாள் விடிந்ததும், கையெழுத்து வாங்காத கடதாசியோடு வக்கீலிடம் ஓடினாள்.

"மூண்டு நாள் பிந்திப்போச்சு. ஒரு ஃபோனாவது அடிச்சிருக்கலாமே?" தயாளினி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வெட்டுனது நாந்தாங்க!"

தயாளினி கடதாசியை மேசையில் வைத்தார். "இப்ப சொன்னா, தம்பியைக் காப்பாத்தப் பொய் சொல்லுறியள் எண்டுதான் நினைப்பினம். பிந்தினதுக்குக் காரணம் காட்டி ஒரு மனு போட்டுப் பாக்கிறன். எடுப்பினமோ தெரியாது."

சிறையில், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள். நாள் தவறியதைக் கேட்டு அவன் சும்மா இருந்தான். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றதும் வெறி பிடித்தவனானான்.

"யாருகிட்டச் சொன்ன? பிள்ளைய யாரு பாப்பா?" நெற்றியை வலையில் மோதினான். மோதிக்கொண்டே இருந்தான். நெற்றி கிழிந்து இரத்தம் அவள் முகத்தில் தெறித்தது.

காவலர்கள் பொல்லோடு வந்தார்கள். முதல் அடி தோளில். இரண்டாவது கழுத்தில். அவன் விழுந்த பிறகும் மூன்றாவது விழுந்தது.

"என்னைய அடிங்க! நாந்தான் வெட்டுனேன்!" தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்தினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இரத்தம் வழியும் வாயோடு அவன் தலையைத் தூக்கினான்.

"அப்பாவுக்குக் கருமாதி ஒழுங்கா செஞ்சியாக்கா?"

செய்திருந்தாள், பதினாறு நாளும், ஒரு நாள் குறையாமல்.