ஜாடியில் இருந்த எம்பார்

1969ஆம் வருஷம் ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் காலை ஏழரை மணிக்கு, திருவள்ளூரில் ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளியில் பரிசாரகராக இருந்த எம்பாரின் ‘நான்’ அவருடைய இடது மூக்கு வழியாக வெளியே வந்து கூடத்துத் தரையில் விழுந்தது. பலாக்கொட்டை அளவு இருந்தது. முந்தாநாள் தயிர்சாதத்தின் நிறம்; மேலே மெல்லிய ஜவ்வு; விழுந்த இடத்தில் ஈரம். அவர் மனைவி செங்கமலவல்லி அப்போதுதான் குளித்துவிட்டு மடியாக வந்து நின்றாள். அவளுக்குப் பயம் வரவில்லை, குமட்டல்தான் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அதை முற்றத்துச் சாக்கடையில் தள்ளத் துடைப்பத்தை எடுத்தாள். “விழுப்புத் துடைப்பத்தால என்னைத் தொடாதேடி” என்றது அது. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போன குரல்.

எல்லாம் ஆசாரத்தால் வந்த வினை. எம்பார் வெளியில் ஒரு வாய் தீர்த்தம் சாப்பிடமாட்டார். மணவாள நகரில் இருந்த சொந்த மைத்துனன் வீட்டுக் காபியைக்கூட, குழாய்த் தண்ணீரில் போட்டது என்று தொடாமல் எழுந்து வந்தவர். ஆனால் பழம், பால், சர்க்கரை இவற்றுக்குத் தீட்டு இல்லை, யார் கொடுத்தாலும் வாங்கலாம் என்பது அவருக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுக்கப்பட்ட விதி. அமாவாசைக் கூட்டத்தில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்த சடைமுடி வெள்ளைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே ஒரு சர்க்கரைக் கட்டியை நீட்டினான். எம்பார் விதியை ஒரு தரம் நினைத்துப் பார்த்துவிட்டு, உதட்டில் படாமல் அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டார். அதில் எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து சொட்டப்பட்டிருந்ததைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் கோயில் மணியோசை மஞ்சளாகத் தெரிந்தது. புளியோதரையின் வாசனை அவர் காதுக்குள் இரைந்தது. மடப்பள்ளிச் சுவர் மூச்சு விட்டது. சாயங்காலம் தன் கை எது, கரண்டி எது என்று புரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி நக்கினார்.

டாக்டர் ராமஸ்வாமி வந்து, தரையில் கிடந்ததைக் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். மூளைக்குள் ஓர் இடம் நாள் முழுக்க ‘இது நான், இது என்னுடையது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். சர்க்கரையில் சொட்டியிருந்த மருந்து அந்த ‘நான்’ என்ற முடிச்சைத் தளர்த்தும். கண் செய்கிற வேலையும் காது செய்கிற வேலையும் ஒன்றோடொன்று கலந்துபோகும். பெரும்பாலானவர்களுக்கு அரை நாளில் முடிச்சு பழையபடி இறுகிவிடும். எம்பாருக்கு அது ஏற்கெனவே அளவுக்கு மீறி இறுகிக் கிடந்ததால், தளர்ந்ததும் மொத்தமாக நழுவிவிட்டது. சொல்லிவிட்டு டாக்டர் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினார்.

மிச்சம் இருந்த உடம்பு சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. கொடுத்தால் தின்றது, கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. உதட்டில் ஈ உட்கார்ந்தால் ஓட்டவில்லை. யார் எச்சில் இலையை வைத்தாலும் வழித்துச் சாப்பிட்டது. அகங்காரம் ஒழியவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த ஊர், எம்பாருக்கு அது ஒழிந்தேவிட்டது என்று முடிவு கட்டியது. கோழை வழிகிற வாயோடு இருந்த அந்த உடம்பின் காலில் விழுந்து சேவித்தார்கள். ஒழிந்தது எங்கே போயிற்று என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அது சமையலறை மூலையில், செங்கமலவல்லி எடுத்துப் போட்ட சொம்புக்குள் கிடந்து, சாற்றமுதில் புளி தூக்கல் என்று கத்திக்கொண்டிருந்தது.

செங்கமலவல்லிக்கு இரண்டையும் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனால் எந்த அருவருப்போடு குடித்தனம் செய்வது என்பதில் அவளுக்குக் குழப்பமில்லை. எம்பார் அவளை ஒரு நாளும் புகழ்ந்ததில்லை. ஆனாலும் அந்தத் திட்டுகள் எல்லாம் அவளுக்கென்றே விழுந்தவை. சிரிக்கிற உடம்போ அவளையும் சுவரையும் ஒரே மாதிரி பார்த்தது. சொம்பில் இருந்ததை எப்படியாவது திரும்ப உள்ளே ஏற்றி, தன் புருஷனை முழுசாக மீட்கவேண்டும் என்பதே அவள் எண்ணமாக இருந்தது. அதற்குள் அது நாற ஆரம்பித்தது. தை அமாவாசைக்குக் குளத்தில் முழுக வந்திருந்த பழவேற்காட்டு மீனவப் பெண் சம்பூர்ணம் வாசலில் தண்ணீர் கேட்டு வந்தவள், நாற்றத்தை மோந்து விஷயத்தைத் தெரிந்துகொண்டாள்.

“இன்னாத்துக்கும்மா இத்தப் பொத்தி வச்சிக்கினு அழுவுற? உப்புல போட்டு வையி. எங்கூர்ல உப்புல போட்டது எதுவும் கெட்டதில்ல.”

கருவாட்டுக்குச் செய்கிற பக்குவத்தைத் தன் புருஷனுக்குச் செய்யவேண்டி வந்ததே என்று செங்கமலவல்லி ஓங்கரித்தாள். ஓங்கரித்துக்கொண்டே ஊறுகாய் ஜாடியைக் கழுவி, கல்லுப்பு நிரப்பி, அதை உள்ளே வைத்து வெள்ளைத் துணியால் வேடு கட்டினாள்.

1972இல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகத் தொழிற்சாலை தொடங்கிய முதலாளி ஒருவர் உடம்பைச் சேவிக்க வந்து, பார்த்ததும் மனம் இளகி, காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். தொழிலாளர்கள் அப்போது கக்கூஸ் கட்டித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி உடம்பை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, இவரைப் பாருங்கள், எதுவும் கேட்பதில்லை என்று காட்டினார். ஷிப்டு மாறும்போதெல்லாம் ஆட்கள் வரிசையாக வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். உடம்பும் இருந்த இடத்திலேயே எல்லாம் போயிற்று. கக்கூஸ் கடைசிவரை கட்டப்படவில்லை.

அடுத்த மாதம் செங்கமலவல்லி ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியபாளையம் வழியாகக் கவரைப்பேட்டை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து வெயிலில் நடந்தாள். ஜாடியை உடம்பின் மூக்குக்கு நேரே பிடித்து, வேடு கட்டின துணியை அவிழ்த்தாள். உடம்பு, ஆகட்டும் என்பதுபோலச் சிரித்தது. உப்புக்குள்ளிருந்து எம்பார் எட்டிப் பார்த்தார். எண்ணெய்க் கைகள் தொட்டுத் தொட்டுக் கறுத்த கால்கள், உலர்ந்த மூத்திரம், யாரோ தின்னக் கொடுத்து மேலுதட்டில் ஒட்டியிருந்த ஆம்லெட்.

“சீ! எவனெவனோ தொட்ட உடம்பு. இதுக்குள்ள நான் போறதா? ஆத்துக்கு அழைச்சுண்டு போடி.”

அவள் எவ்வளவோ கெஞ்சினாள். அவர் அசையவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் உப்பில் ஊறியும் ஆசாரம் விடவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழிற்சாலை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். ஜாடி பதிலுக்குப் பதில் திட்டியது. ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் சண்டை ஓயவில்லை. அன்றைக்கு அவள் நன்றாகப் பசித்துச் சாப்பிட்டாள்.

1978 பங்குனியில் உடம்பு செத்தது. எம்பாரின் தம்பி மகன் கொள்ளி வைத்தான். பத்தாம் நாள் உறவுப் பெண்கள் வந்து செங்கமலவல்லியைச் சுற்றி உட்கார்ந்து, வழக்கப்படி தாலியைக் கழற்றக் கை நீட்டினார்கள். அவள் கழுத்தைக் கையால் இறுக மூடிக்கொண்டாள். அவர்கள் அதட்டினார்கள். அவள் கையை ஒருத்தி பிடித்து விலக்கினபோது சமையலறை அலமாரியிலிருந்து சத்தம் வந்தது.

“மணி மூணாச்சே, காபி என்னாச்சு? சர்க்கரை போட்டுத் தொலைச்சுடாதே.”

ராமானுஜ வாத்தியார் மந்திரத்தை நிறுத்திக் காதைக் கொடுத்தார். “யாரு, எம்பார் சுவாமியா?” என்று கேட்டார். “வேற யாரு? எங்காத்துல வேற யார் கத்துவா?” என்றது ஜாடி. வாத்தியார் எட்டி ஜாடியைப் பார்த்தார். பிறகு, ஆத்துக்காரர் இருக்கச்சே இதெல்லாம் பண்ணப்படாது என்று சொல்லி, தர்ப்பையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பெண்களும் எழுந்து போனார்கள். செங்கமலவல்லி நெற்றியில் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு பாலை அடுப்பில் வைத்தாள். காபி கலந்து, சர்க்கரை போடாமல், ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஜாடியின் வேடு துணியை அவிழ்த்தாள்.