வெண்கல முள்வாங்கி

திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியின் அருங்காட்சியகத்துக்கு இளவரசிதான் பொறுப்பு. அங்கிருந்ததிலேயே பழையது, எகிப்திலிருந்து வந்த வெண்கல முள்வாங்கி. மூவாயிரம் வருடத்துக்கு முன் யாரோ புருவம் திருத்திக்கொண்ட சாமான். விரல் நீளம்கூட இருக்காது. ஓய்வுபெற்ற ஆசிரியர் பிரான்சிஸ் கொடுத்தது. அவர் அப்பா கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கி வந்ததாம்.

கல்லூரித் தாளாளர் தேவநாதனுக்கு அதைத் தொடாமல் இருக்க முடியாது. யார் வந்தாலும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அமுக்கிக் காட்டுவார். "வேணாம் சார், உள்ள அரிச்சிப் போயிருக்கும்" என்று சொல்லிச் சொல்லி இளவரசிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் இளவரசி விழுப்புரத்திலிருந்து வந்த ரயில் தாமதம். அவள் உள்ளே நுழைந்தபோது தேவநாதன் செல்போனைக் கண்ணாடி மாதிரிப் பிடித்துக்கொண்டு மீசையில் ஒரு நரைமுடியை இழுத்துக்கொண்டிருந்தார். அந்த முள்வாங்கியால்.

"சார்!"

திடுக்கிட்டு அழுத்திவிட்டார். டிக்கென்று சத்தம். இரண்டு துண்டு.

"ஏம்மா இப்படிக் கத்துற? உன்னாலதான் ஒடிஞ்சுது."

இளவரசி துண்டுகளை வாங்கிப் பஞ்சில் வைத்தாள்.

"மத்தியானம் போட்டோ எடுக்க வர்றாங்க. ஒரு முடி துருத்திக்கினு இருந்துது, அவ்ளோதான். பசை வாங்கியாரச் சொல்றேன், ஒட்டிடலாம்."

"பசை உள்ள வந்துதுன்னா நான் வேலையை வுட்டுட்டுப் போயிடுவேன் சார்."

பிரான்சிஸுக்கு அவளே போன் செய்தாள். அவர் ஆட்டோவில் வந்து இறங்குவதற்குள் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை நான்கைந்து விதமாக யோசித்து வைத்திருந்தாள். அவரோ துண்டுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவ்ளோ நாள் தாங்குனதே பெருசும்மா. எங்க வூட்ல தொண்டையில மீன்முள்ளு மாட்டிக்கினா இதாலதான் எடுப்பாங்க. எங்கப்பா ஞாயித்துக்கெழம சர்ச்சுப் பூசைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மூக்குமுடி புடுங்கிக்கினு உக்காந்திருப்பாரு."

தேவநாதன் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா! அய்யா, மொதல்ல மூக்கா, மீனா?"

இருவரும் சிரித்தார்கள். இத்தனை மாதம் பஞ்சில் வைத்துக் காத்ததெல்லாம் இதற்குத்தானா என்று இளவரசிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

தாளாளர் என்று பார்க்கவில்லை. அவர்களும் போனார்கள்.

மறுநாள் துண்டுகளைச் சென்னையில் ஒரு நிபுணரிடம் கொண்டுபோனாள். சேர்க்கலாம், கோடு தெரியும் என்றார் அவர். சேர்ந்து வந்ததும் விவர அட்டையில் ஒரு வரி கூட்டினாள்: 'திண்டிவனத்தில் மீசை முடி பிடுங்கும்போது ஒடிந்தது.'

தேவநாதன் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவரோ வருகிறவர்களை எல்லாம் அந்த வரியிடம் கூட்டிப்போய், "அது நான்தான்" என்கிறார்.

அந்த நேரம் இளவரசி டீ குடிக்க வெளியே போய்விடுவாள்.