படத்துக்குள் நடக்காதே

மாத்திரைப் புட்டி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. டெல்ஃபினா அதைத் தள்ளி வைத்துவிட்டு உப்பை எடுத்தாள். கொதிக்கும் பீன்ஸில் ஒரு சிட்டிகை போட்டாள். இரண்டாவது சிட்டிகைக்குப் போன கை அப்படியே நின்றது.

நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கவேண்டிய மாத்திரை. சட்டைப்பையைவிட்டு இது வெளியே வரவே கூடாது என்று அலமோசா நகரத்து டாக்டர் மார்ச் மாதமே விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அவள் கணவர் எலிசெயோவும் தலையை ஆட்டியிருந்தார். மறக்க முடியாத இடமாகப் பார்த்து வைத்து, மறந்துவிட்டுப் போயிருந்தார்.

மணி பத்து பத்து. விடிகாலை நாலு மணிக்கு மணற்குன்றுகளுக்குப் போகிறவர் ஒன்பதுக்கெல்லாம் திரும்பிவிடுவார். எட்டுக்கு மேல் வெளிச்சம் செத்துவிடும் என்பது அவர் கணக்கு. பிறகு வீட்டுக்கு வந்து, வெளிச்சம் எப்படிச் செத்தது என்பதை முட்டையும் பச்சை மிளகாய்க் குழம்பும் தீரும்வரை விவரிப்பார்.

ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். ஜூலை மாத மேகம் மதியம் இரண்டுக்குத்தான் வரும். இன்று பத்து மணிக்கே வந்து மலைத்தொடர் முழுக்கக் கன்றிப்போன காயம்போலக் கருநீலமாக உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் மணலில் மட்டும் வெயில். அவர் ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் கறுப்பு மலை, முன்னால் பொன் மணல். முப்பது வருடமாக இதற்காகத்தான் அந்த மனிதர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் படுத்தவளுடையதையும் சேர்த்து.

எலிசெயோவின் மூத்த அக்கா ப்ரிஸ்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, உங்க தம்பி அங்க வந்தாரா?”

“அவனா? வானத்தப் பாத்தியா நீ? செத்துப்போன எங்கம்மாவே எந்திரிச்சு வந்து கூப்பிட்டாக்கூட இன்னைக்கு வரமாட்டான்.”

“மாத்திரைய வச்சுட்டுப் போயிட்டாருக்கா.”

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

“நான் மணற்குன்றுப் பூங்கா ஆளுங்களுக்குச் சொல்றேன். நீ கிளம்பு. அடுப்ப அணைச்சியா?”

அணைத்தாள். மஞ்சள் ஏப்ரனைக் கழற்ற மறந்தாள். புட்டியை அதன் பையில் போட்டுக்கொண்டு, சமையலறைச் செருப்போடு வண்டியில் ஏறினாள். முப்பத்தைந்து நிமிட ஓட்டம். சாலை நேராக இருந்தது. மலை மட்டும் ஒவ்வொரு மைலுக்கும் இன்னும் கொஞ்சம் கறுத்துக்கொண்டே வந்தது. பையில் மாத்திரைகள் கிலுகிலுப்பைபோலச் சத்தம் போட்டன. ரேடியோவைப் போட்டாள். பாதிரியார் ஒருவர் இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றியைப் பற்றிப் பேசினார். அணைத்துவிட்டாள்.

எலிசெயோ பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். படம் எடுப்பது அவர் தொழில் அல்ல. ஆனால் அவர்கள் பள்ளத்தாக்கின் மாட்டுத் தீவனக் கடை வருடாவருடம் சும்மா கொடுக்கும் காலண்டரில் ஜனவரிப் பக்கம் அவருடையது. நாற்பது மைல் சுற்றளவில் பாதிக் கழிவறைக் கதவுகளின் பின்னால் அவர் படம்தான் தொங்கியது. “உக்காந்து நிதானமா பாக்குறாங்க. எந்த மியூசியத்துல இப்படிப் பாப்பாங்க?” என்பார்.

அவருக்கு ஒரே சட்டம். படத்தில் மனிதவாடை கூடாது.

“உலகத்தப் படைச்சப்ப கடவுள் மூணாம் நாள் பாத்தாரே, அது மாதிரி இருக்கணும் டெல்ஃபினா. மண்ணு, வானம், அவ்வளவுதான்.”

“மனுஷனப் படைக்கிற ஆறாம் நாளு வரைக்கும் உனக்கு யாரு சமைச்சுப் போடுவா, கிழவா?”

சுற்றுலா வந்த யாராவது குறுக்கே நடந்தால், ஆள் மறையும்வரை ஒரு மணி நேரம் பொத்தானை அழுத்தாமல் நிற்பார். தன் காலடியே படத்தில் விழக்கூடாது என்று, இடுப்பில் கயிறு கட்டி ஒரு பழைய கம்பளத் துண்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடப்பார். அவர் நடந்த இடத்தை அதுவே மெழுகிவிட்டு வரும். ஊரில் அவருக்கு ‘வால்’ என்று பெயர். கல்யாணமான மூன்றாவது வருடம், குளிரில் நிற்கிறாரே என்று டெல்ஃபினா காபி பிளாஸ்க்கோடு நேரே மணலில் இறங்கி அவரிடம் நடந்தாள். அந்தப் படம் கெட்டது. அவர் இரண்டு நாள் பேசவில்லை. அதற்கப்புறம் இருபத்தெட்டு வருடமாக, எந்தக் கல்யாண விருந்தானாலும் அதைச் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் மறுபடி ஒருநாளும் அவர் படத்துக்குள் நடக்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அவருடைய பிக்கப் வண்டி நின்றிருந்தது. மேகத்தைப் பார்த்து மற்றவர்கள் எல்லாம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒருவன், “இடி வருது, போகாதீங்க” என்றான்.

“எனக்கு முன்னாடியே ஒரு பைத்தியம் உள்ள போயிருக்கு தம்பி” என்றாள்.

ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதைத் தாண்டியதும் மணல். யாருடைய தடம் எது என்று தேடவேண்டிய அவசியம் இல்லை. எலிசெயோவுக்குத் தடமே கிடையாது. எந்தக் குன்றிலிருந்து மலை முழுதாகத் தெரியும் என்பது அவளுக்குப் பாடம். முதல் மேட்டில் ஏறினாள். செருப்புக்குள் மணல் புகுந்து அடுப்புத் தணல்போலச் சுட்டது. நாலு அடி ஏறினால் இரண்டடி சறுக்கியது. பாதி ஏற்றத்தில் முதல் இடி கேட்டது. மலைக்குள் யாரோ மேசை நாற்காலியை நகர்த்துவதுபோல.

உச்சிக்கு வந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து.

கீழே ஒரு பெரிய மணல் கிண்ணம். சரிவு ஒரு சுருக்கம்கூட இல்லாமல், இப்போதுதான் இஸ்திரி போட்ட விரிப்புபோலக் கிடந்தது. எதிர் மேட்டில் ட்ரைபாட். கேமராவின் கண் நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளையும், அவளுக்குப் பின்னால் எழுந்து நின்ற மலையையும். எலிசெயோ நிற்கவில்லை. ட்ரைபாட் காலடியில் வெளிறிய தொப்பி மட்டும் தெரிந்தது. உட்கார்ந்திருக்கிறார்.

“எலிசெயோ!”

காற்று அவள் பக்கமாக அடித்தது. குரலை வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது.

நேராக இறங்கி ஏறினால் பத்து நிமிடம். அவள் கால் இடது பக்கம் திரும்பியது. யோசித்துத் திரும்பியது என்று சொல்ல முடியாது. சுடுபாத்திரத்திலிருந்து கை விலகுவதுபோலத்தான் விலகியது. விளிம்போடு ஒட்டிச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். கொஞ்ச தூரம்தான், அப்புறம் மேடு மறைத்துவிடும், படத்தில் விழமாட்டோம். நடந்தபடியே அவரைத் திட்டவேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டாள். முதலில் மாத்திரை. பிறகு முட்டை ஆறியது. கடைசியில், செத்துகித்துத் தொலைத்தால் அந்தக் கம்பளத்தைத்தான் சவப்பெட்டிக்குள் விரிப்பேன் என்பது. அது நன்றாக அமைந்துவிட்டதாகத் தோன்றி, தனியாகச் சிரித்தாள்.

சுற்றுவழியில் மணல் இளகிக் கிடந்தது. முழங்கால்வரை புதைந்தது. மேட்டின் பின்புறமாக ஏறி அவரிடம் வந்தபோது பன்னிரண்டே கால்.

அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தொப்பி முகத்தில் சரிந்திருந்தது. கேமராவிலிருந்து தொங்கிய வயர் அவர் உள்ளங்கைக்குள் போயிருந்தது. கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. கம்பளத் துண்டு வால் மாதிரியே பின்னால் கிடந்தது.

தொப்பியை எடுத்தாள். உதட்டில் ஒட்டிய மணலை ஏப்ரனால் துடைத்தாள். வாயைத் திறந்து ஒரு மாத்திரையை நாக்கடியில் வைத்தாள். பிறகு இன்னொன்று. கையைத் தொட்டாள். சூடாக இருந்தது. கன்னமும் சூடாக இருந்தது.

“கொஞ்சம் பொறுத்துக்க கிழவா. வேல செய்யும். அஞ்சு நிமிஷம்.”

மழை பெரிய பெரிய சொட்டாக விழுந்து மணலில் குழி போட்டது. அவர்மேல் கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டாள். பூங்காக் காவல்காரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோதும் டெல்ஃபினா, “சூடு இருக்கு, பாருங்க, சூடு இருக்கு” என்றாள்.

அந்தப் பெண் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பக்கத்து மணலையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு டெல்ஃபினாவின் கையைப் பிடித்து அதே மணலின்மேல் மெதுவாக வைத்தாள். இரண்டும் ஒரே சூடு.

கீழே இறங்கும்போது அந்தப் பெண்தான் கேட்டாள். “காலெல்லாம் இப்படி வெந்துபோயிருக்கே. எந்த வழியா வந்தீங்க?”

“சுத்தி.”

“ஏன்?”

டெல்ஃபினா செருப்பிலிருந்து மணலைத் தட்டினாள்.

இறந்த நேரம், ஏறக்குறைய நண்பகல் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அடக்கத்துக்கு முந்தின நாள் காலை, ப்யூப்லோ நகரத்திலிருந்து வந்த மகன் அமாதோ சமையலறை மேசையில் கேமராவைக் கம்ப்யூட்டரில் மாட்டினான். டெல்ஃபினா பாதங்களில் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள்.

“அம்மா. இங்க வாயேன்.”

போனாள்.

“கடைசிப் படம். அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரே, அந்தப் படம். எடுத்துட்டாரும்மா.”

கறுப்பு மலை. அதன் கீழே தீப்பிடித்ததுபோல மணல். ஒரு காலடி இல்லை.

“இத மட்டும் சரி பண்ணிட்டா மாதா கோவில்ல வைக்கலாம்” என்று வலது ஓரத்தைத் தொட்டான். “மஞ்சளா ஏதோ புள்ளி. மகரந்தமோ தூசியோ, லென்ஸ்ல ஒட்டியிருக்கு. ஒரு நிமிஷ வேல.”

“எத்தன மணிக்கு எடுத்திருக்கு?”

“பதினொண்ணு முப்பத்தெட்டு. அதுக்கு முந்தினது பத்தே முக்கால். நடுவுல ஒண்ணுமே இல்ல. எதுக்கோ காத்துக்கிட்டிருந்திருக்காரு.” சுட்டியைப் புள்ளிமேல் கொண்டுபோனான். “அழிச்சிடவா?”

“வேணாம்.”

“அப்பாவுக்குப் பிடிக்காதேம்மா.”

“அப்படியே போடு.”

கதவு ஆணியில் மஞ்சள் ஏப்ரன் தொங்கியது. இன்னும் துவைக்கவில்லை. அதைக் கழற்றி நாலாக மடித்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

மறுநாள் கோவிலில் படம் பெரிதாகக் கண்ணாடிச் சட்டத்தில் சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றது. தீவனக் கடைக்காரர் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். “இதுக்கு பன்னெண்டு மாசமும் குடுக்கலாம்” என்று மூக்கை உறிஞ்சினார். யாரோ பின்னாலிருந்து, “ஒரு ஆளு அடையாளம் இருக்கா பாரு. அதான் நம்ம வால்” என்றார்கள்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் ப்ரிஸ்கா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். கண் சரியாகத் தெரியாததால் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துப் பார்த்தாள்.

“எவ்வளவு சுத்தமா வச்சிருப்பான் என் தம்பி. இங்க பாரு, அழுக்கோட கொண்டாந்து வச்சிருக்காங்க” என்று கைக்குட்டையை எடுத்தாள். ஓரத்தைத் துடைத்தாள். குனிந்து பார்த்தாள். நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி துடைத்தாள்.

முதல் பெஞ்சில் டெல்ஃபினா, இறுக்கிய கறுப்பு ஷூவிலிருந்து கொப்புளம் கட்டிய பாதத்தை மெல்ல வெளியே எடுத்து, குளிர்ந்த தரையில் வைத்தாள்.

“போகவே மாட்டேங்குதே” என்றாள் ப்ரிஸ்கா.