நிச்சயமில்லாத நாளைக்கு ஒரு விடைக்குறிப்பு

நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாதாம். அதனால் பிள்ளைகளை எதற்கும் தயார்படுத்த வேண்டுமாம். இதைச் சொல்ல எங்கள் பள்ளிக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் லேப்டாப், வாயைத் திறந்தால் உலகம். 'உலகத் திறன்கள்' என்று புதுப் பாடம் ஒன்றைக் கொண்டுவந்து, வரலாறு நடத்திக்கொண்டு சும்மா இருந்த என் தலையில் கட்டினார்கள்.

கூத்து என்னவென்றால், அந்தப் பாடத்துக்கு விடைக்குறிப்பும் தந்தார்கள். நடக்கப்போவது யாருக்கும் தெரியாது, பதில் மட்டும் அச்சாகி வந்துவிட்டது!

பத்தாம் வகுப்பில் ஒரு பெண். ஆசிரியர் அறையில் அவளுக்குக் 'கேள்வி மூட்டை' என்று பெயர். போர் பற்றி நடத்தினால், "வேண்டாம்னு ராஜாகிட்ட யாருமே சொல்லலையா மிஸ்?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்; பதில் தெரியாமல் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டுவேன். அடுத்த வருஷம் அறிவியல் பிரிவில் சேர அவளுக்குக் கொள்ளை ஆசை. இந்த வெட்டிப் பாடத்தில் தேறாவிட்டால் அந்தப் பிரிவு கிடையாது என்று விதி வைத்திருந்தார்கள்.

பரீட்சையில் ஒரு கட்டுரைதான். 'இருபது ஆண்டுகள் கழித்து நீ என்னவாக இருப்பாய்?' அவள் எழுதியிருந்தாள்: 'தெரியாது. என் வேலை இன்னும் பிறந்தே இருக்காது. வந்தால் கற்றுக்கொள்வேன்.' படித்ததும் எனக்கு அப்படியொரு சந்தோஷம். முழு மதிப்பெண் போட்டேன்.

நான் திருத்திய தாள்களைச் சரிபார்க்க வந்த பயிற்சியாளர் அதை அடித்துவிட்டு முட்டை போட்டார். பெண் ஃபெயில்.

தலைமையாசிரியை அறையில் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டேன். "தெரியாததைத் தெரியாதுன்னு எழுதினா தப்பா சார்?"

"மேடம், 'நான் உலகத் தலைவராக இருப்பேன்'னுதான் விடைக்குறிப்புல இருக்கு. இந்தப் பொண்ணுக்குத் தன்னம்பிக்கை இல்லை."

"வகுப்பு மொத்தமும் தலைவர்னா, பின்னாடி யாரு போவா? நீங்களா?"

தலைமையாசிரியை மேஜையைத் தட்டினார். "போதும் டீச்சர். ஆய்வுக் குழு வர்ற நேரத்துல ரகளை பண்ணாதீங்க. அவ திரும்ப எழுதட்டும்."

சலவைக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா பாதி வேலையில் ஓடி வந்தாள். "அவங்க கேக்கறதை எழுதிட்டுப் போயேன்டி! டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க. இது போச்சுன்னா இவளும் என்கூட துணி தேய்க்க வேண்டியதுதான்."

"எழுதிடும்மா," என்றேன்.

"அது பொய் இல்லையா மிஸ்?"

"பொய்தான். எழுது."

அட்சரம் பிசகாமல் எழுதினாள். பயிற்சியாளர் தாளைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா, அதுக்குள்ள எவ்வளவு மாற்றம்!" மூஞ்சியைப் பார், என்னவோ தானே பெற்று வளர்த்த மாதிரி. எப்படியோ, அறிவியல் பிரிவு கிடைத்தது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் ஒரு பேரரசு சரிந்ததைப் பற்றிய பாடம். வகுப்பு முடியப்போகிறது, கேள்வி மூட்டையிடமிருந்து சத்தமே இல்லை. நானே பாடத்தை நிறுத்தி அவளைக் கேட்டேன். "நீ சொல்லு. அது ஏன் சரிஞ்சிருக்கும்னு நினைக்கிற?"

எழுந்து நின்றாள். "விடைக்குறிப்புல என்ன போட்டிருக்கு மிஸ்?"

அவள் குரலில் கிண்டல் துளிகூட இல்லை.