கைக்குழந்தையோடு ஐந்தாம் வகுப்பு

1.
இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. இலங்கையில் சண்டை முடிந்த வருடம், நாவுலயிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில், பக்கத்திலிருந்த சரோஜாதேவி டீச்சர் சொன்னது. பலாபத்வல வருவதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். நான் இன்னும் முதல் வரியிலேயே நிற்கிறேன்.

'மலைமுகட்டில் மூடுபனி கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த அந்த...'

[அடித்தாயிற்று. அன்று நல்ல வெயிலாம்.]

2.
நடந்தது எண்பத்து நான்கில். முந்தின வருடக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்து ஆயாம்மா இந்தியாவுக்குப் போய்விட்டார். தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்காம்பரா பூட்டிக்கிடந்தது. அதனால் அக்காமார் படிப்பை விட்டுவிட்டுத் தம்பி தங்கைகளுக்குக் காவலிருந்தார்கள். சரோஜாதேவியின் ஐந்தாம் வகுப்பில் பையன்கள்தான் மிஞ்சினார்கள்.

ஒருநாள் காலையில் அவர் பாப்பம்மாவைத் தேடி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் போனார். கணக்கில் புலி அந்தப் பெண். தாய் காத்தாயி கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

[இங்கே டீச்சருக்கு இரண்டு பக்கச் சொற்பொழிவு எழுதியிருந்தேன். படித்த என் மனைவி கொட்டாவி விட்டாள். ஆனால் டீச்சரும் அன்று சொற்பொழிவுதான் ஆற்றினாராம். எனக்கு ஓர் ஆறுதல்.]

காத்தாயி முழுவதையும் கேட்டாள்.

"பேசி முடிச்சிட்டீங்களா டீச்சர்?"

"ம்... முடிச்சிட்டேன்."

"அப்ப இவனக் கொஞ்சம் புடிங்க. நேரமாச்சுன்னா கங்காணி திருப்பி அனுப்பிருவாரு."

கைக்குழந்தை முத்துவீரனை டீச்சரின் இடுப்பில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். டீச்சருக்குக் கோபம் வந்தது. திரும்பினால், பாப்பம்மா சிலேட்டும் கையுமாக வாசலில் நின்றாள்.

"போவமா டீச்சர்? சீலைய ஒதுக்கிப் புடிங்க, நனைச்சிருவான்."

கோபம் போன இடம் தெரியவில்லை.

3.
முத்துவீரனை இடுப்பில் வைத்துக்கொண்டே பின்னக்கணக்கு நடந்தது. தலைமையாசிரியர் நல்லையா வந்து நின்றார்.

"இது பள்ளிக்கூடமா, பிள்ளைக்காம்பராவா?"

[வீரமான பதில்கள் நிறைய வைத்திருந்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.]

எதிர்த்துப் பேசினால் இடமாற்றம். டீச்சர் முத்துவீரனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "காம்பராவத் தொறக்கிற வரைக்கும் ரெண்டுந்தான் சார்."

"நாளைக்கு இது நடக்கக்கூடாது."

மறுநாள் நடந்தது. பாப்பம்மா லயம் லயமாகப் போய்ச் சொல்லியிருந்தாள். படிப்பு நின்றுபோன பெண்களெல்லாம் ஆளுக்கொரு குழந்தையை இடுக்கிக்கொண்டு ஒற்றையடிப்பாதையில் வரிசையாக வந்தார்கள். வாசலை மறித்தபடி நல்லையா.

[ஒரு குழந்தையைத் தூக்கி அவர் கண்கலங்குவதாக எழுதினால் பத்திரிகை போடும். கேட்டை அடைப்பதாக எழுதினால் விமர்சகர்கள் மெச்சுவார்கள்.]

அவர் குழந்தைகளை எண்ணினார். பிறகு விலகினார். "பாய் இல்லாம எங்க படுக்க வைக்கிறது?" என்று யாரிடமோ எரிந்து விழுந்தார். ஆயாம்மா ஒருவர் வரும்வரை, வராந்தாவில் பாய்கள் விரிந்தே கிடந்தன.

4.
"பாப்பம்மா?" என்று கேட்டேன்.

"அஞ்சாம் வகுப்புப் பரீட்சை பாஸ் பண்ணினா. அப்புறம் இன்னொரு கலவரம் வந்துருமோன்னு பயந்துபோய் குடும்பமே வடக்க வன்னிக்குப் போயிருச்சு. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல."

அவளை டாக்டராக்கிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. இன்னொரு முடிவு 'சண்டையின் கடைசி மாதங்களில், வன்னியின் அந்தக் கடற்கரையில்...' என்று தொடங்கியது. கை ஓடவில்லை.

ஆகவே முடிவு உங்கள் கையில். நிபந்தனை ஒன்றே ஒன்று, அதுவும் என்னுடையதல்ல. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டீச்சர் சொன்னது:

"என்ன வேணும்னாலும் எழுதுங்க. அவ உசுரோட இருக்கட்டும்."